குழந்தையைத் தத்தெடுக்க என்னென்ன வழிகள்? முதல்முறை யோசிப்பவர்களுக்கு

தத்தெடுக்கலாம் என்று வீட்டில் பேச்சு தொடங்கியதுமே எங்கே பதிவு செய்வது, எவ்வளவு நாள் ஆகும் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். அது கொஞ்சம் பொறுக்கட்டும். வழிகள் பல இருக்கின்றன; ஒவ்வொன்றிலும் வருகிற குழந்தைகள் வேறு, சட்டம் வேறு, உங்களிடம் எதிர்பார்க்கப்படுவதும் வேறு. 1989-இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 21-ஆம் பிரிவு, தத்தெடுப்பில் குழந்தையின் நலனே எல்லாவற்றுக்கும் மேலாகக் கருதப்பட வேண்டும் என்கிறது. அதனால் நாமும் குழந்தையிடமிருந்தே தொடங்குவோம்.

படி 1: எந்தக் குழந்தைக்கு உங்களால் பெற்றோராக முடியும்?

கணவனும் மனைவியும் தனித்தனியாக ஒரு தாளில் எழுதுங்கள். எத்தனை வயது வரை சரி? அண்ணன் தங்கை என்று இருவர் சேர்ந்து வந்தால்? தொடர் சிகிச்சை தேவைப்படும் குழந்தை என்றால்? பிறகு இரண்டு தாள்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், எங்கே ஒத்துப்போகவில்லையோ அங்கேதான் நீங்கள் உட்கார்ந்து பேச வேண்டும். தனியாகத் தத்தெடுக்கிறவர் என்றால், உங்களுக்குக் கைகொடுக்கப்போகிற அக்காவிடமோ நண்பரிடமோ இதே கேள்விகளைக் கேளுங்கள்.

ஆரோக்கியமான கைக்குழந்தைதான் வேண்டும் என்று பெரும்பாலானோர் கேட்பதால் அந்த வரிசை நீளமாக இருக்கும். கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகளும், உடன்பிறந்தவர்களோடு சேர்ந்து போக வேண்டியவர்களும், உடல்நலத் தேவை உள்ளவர்களும்தான் குடும்பம் கிடைக்காமல் காத்திருக்கிறார்கள். இரக்கப்பட்டு மட்டும் சரி என்று சொல்லாதீர்கள், பயந்துகொண்டு உடனே வேண்டாம் என்றும் சொல்லாதீர்கள். அப்படிப்பட்ட குழந்தைகளை வளர்க்கும் பெற்றோர்களிடம் பேசிவிட்டு முடிவெடுங்கள்.

படி 2: வழிகளைத் தெரிந்துகொள்ளுங்கள்

உறவுக்குள் தத்து, துணைவரின் முந்தைய திருமணத்துக் குழந்தையைத் தத்தெடுப்பது, இவை இரண்டும் பொதுவாக எளிமையானவை. ஆனாலும் வாய்ப்பேச்சோடு நிறுத்திவிடக் கூடாது. முறையான உத்தரவு இல்லாவிட்டால் பின்னால் பள்ளி, பாஸ்போர்ட், சொத்து என்று ஒவ்வொன்றிலும் குழந்தைதான் மாட்டிக்கொள்ளும்.

உள்நாட்டில் அரசு அமைப்பு அல்லது அனுமதி பெற்ற நிறுவனம் மூலம் தத்தெடுப்பது பலருக்கும் தெரிந்த வழி. சில நாடுகளில் பெற்ற தாயும் தத்தெடுப்பவரும் வழக்கறிஞர் மூலம் நேரடியாக ஏற்பாடு செய்துகொள்ளலாம், வேறு பல நாடுகளில் அது குற்றம். எங்கே இருந்தாலும் இடைத்தரகர் ஒருவர் "பணம் கொடுங்கள், குழந்தை உடனே வரும்" என்றால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள். அது குழந்தை விற்பனை.

வளர்ப்புப் பராமரிப்பு பற்றி நிறையப் பேர் தவறாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பெற்றோரால் தற்போதைக்குப் பார்த்துக்கொள்ள முடியாத குழந்தையைச் சில காலம் உங்கள் வீட்டில் வைத்து வளர்ப்பது அது, குழந்தையை அதன் குடும்பத்திடமே திரும்பச் சேர்ப்பதுதான் பெரும்பாலும் முதல் நோக்கம். அது நடக்காதபோது சில நாடுகளில் வளர்த்தவர்களே தத்தெடுக்க முடியும். குழந்தை திரும்பிப் போனால் மனதார வழியனுப்ப முடியுமா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். முடியாது என்றால் இந்த வழி உங்களுக்கு வேண்டாம், அதில் தப்பே இல்லை.

அப்புறம் வெளிநாட்டுத் தத்து. இதற்கு, நாடுகளுக்கிடையே தத்தெடுப்பது பற்றிய 1993-ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கைதான் அதில் சேர்ந்த நாடுகளுக்கு அடிப்படை. குழந்தைக்குச் சொந்த நாட்டிலேயே குடும்பம் கிடைக்குமா என்று முதலில் பார்க்க வேண்டும், தாயின் சம்மதத்தைப் பிரசவத்துக்குப் பிறகுதான் வாங்க வேண்டும், அந்தச் சம்மதத்தைப் பணம் கொடுத்து வாங்கக் கூடாது என்பதெல்லாம் அதில் இருக்கிறது. நாடுகள் தங்கள் கதவை மூடிவிடுவதும் உண்டு: எத்தியோப்பியா 2018-இல் வெளிநாட்டுத் தத்தைத் தடை செய்தது, சீனா 2024-இல் நெருங்கிய உறவினர்கள் நீங்கலாக மற்றவர்களுக்கு நிறுத்திவிட்டது. பழைய அனுபவக் கதைகளை நம்பித் திட்டம் போடாமல், இரண்டு நாடுகளின் இன்றைய விதியையும் அதிகாரபூர்வமாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். குழந்தைக்கு உங்கள் நாட்டுக் குடியுரிமை எப்போது கிடைக்கும் என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

படி 3: சட்டப்படி குழந்தை உங்களுக்கு என்ன உறவு?

முழுமையான தத்தில் பெற்ற குடும்பத்தோடு உள்ள சட்ட உறவு முடிந்து, குழந்தை உங்கள் வாரிசாகிறது. பிரான்ஸ் போன்ற சில நாடுகளில் பழைய உறவும் தொடரும் எளிய தத்து என்று இன்னொரு வகை உண்டு. இஸ்லாமியச் சட்டம் பின்பற்றும் பல நாடுகளில் கஃபாலா என்ற பராமரிப்பு முறை இருக்கிறது, அதில் குழந்தையை வளர்க்கலாம், ஆனால் வம்சப் பெயரும் வாரிசுரிமையும் தானாக மாறாது. பாதுகாவலர் பொறுப்பும் தத்து ஆகாது. இதோடு, பெற்ற குடும்பத்தோடு கடிதமோ சந்திப்போ தொடருமா, அல்லது அடையாளமே மறைக்கப்படுமா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

படி 4: வீட்டு ஆய்வு

சமூகப் பணியாளர் வீட்டுக்கு வருவார். வருமானம், உடல்நலம், உங்கள் சிறுவயது, தம்பதிக்குள் சண்டை வந்தால் எப்படித் தீர்க்கிறீர்கள் என்று எல்லாம் கேட்பார். வீட்டைப் பளபளப்பாக்க வேண்டியதில்லை, உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். குழந்தை இழப்பின் துக்கம் இன்னும் ஆறவில்லை என்றால் அதையும் சொல்லுங்கள், ஏனென்றால் இழந்த குழந்தையின் இடத்தில் இன்னொரு குழந்தையை உட்கார வைப்பது வருகிற குழந்தைக்குப் பெரிய பாரம்.

படி 5: உங்களுக்கென்று சொல்லப்படும் குழந்தையின் விவரக் கோப்பு வந்த பிறகு

மருத்துவ அறிக்கையைக் குழந்தை மருத்துவர் ஒருவரிடம் காட்டி, எது எழுதப்படவில்லை என்றும் கேளுங்கள். குழந்தை வீட்டுக்கு வந்ததோடு எல்லாம் முடிவதில்லை; பல இடங்களில் கண்காணிப்புக் காலம் முடிந்துதான் இறுதி உத்தரவு வரும். குழந்தை பற்றிக் கிடைக்கும் ஒவ்வொரு தாளையும், பழைய புகைப்படத்தையும், முன்பு பார்த்துக்கொண்டவர் சொன்ன சின்னத் தகவலையும்கூட நகல் எடுத்து வையுங்கள். தத்து என்ற விஷயத்தைப் பேச்சு புரியத் தொடங்கும் வயதிலிருந்தே வீட்டில் சாதாரணமாகச் சொல்லிக்கொண்டே வாருங்கள். பெரியவனானதும் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டால் வேறு யாராவது முந்திக்கொள்வார்கள்.