அரிசிம்பருப்புச் சாதத்தின் வழியே சமையலறை ஆங்கிலமும் ஸ்பானியமும்: தொடக்கநிலை விளக்கம்

ஆங்கிலத்தையும் ஸ்பானியத்தையும் ஒருசேரத் தொடங்குவோர், அகரவரிசைப் பட்டியலை மனப்பாடம் செய்வதை விட்டுவிட்டு, கைக்குப் பழகிய ஒரே சமையலின் போக்கில் சொற்களைக் கற்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கோவை, ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்து வீடுகளில் அதற்கு அரிசிம்பருப்புச் சாதத்தைவிடப் பொருத்தமானது வேறில்லை.

முதற்படியாக, அடுப்பைப் பற்ற வைப்பதற்கு முன் வேண்டிய பொருள்களை மேடைமேல் எடுத்து வைத்து, ஒவ்வொன்றையும் தொட்டு, இரு மொழியிலும் உரக்கச் சொல்லுங்கள்.

அரிசி: ரைஸ், எல் அர்ரோஸ்.
வெங்காயம்: ஆனியன், லா செபோயா.
பூண்டு: கார்லிக், எல் ஆஹோ.
சீரகம்: க்யூமின், எல் கொமீனோ.
மஞ்சள்: டர்மரிக், லா கூர்குமா.
உப்பு: சால்ட், லா சால்.
எண்ணெய்: ஆயில், எல் அசேய்தே.

துவரைக்கு ஆங்கிலத்தில் பிஜன் பீ என்று பெயர். ஸ்பானியம் பேசும் கரீபியன் தீவான புவேர்ட்டோ ரிக்கோவில் அதைக் கந்தூல் என்பார்கள். உடைக்காத துவரையை அரிசியோடு சேர்த்து வேகவைக்கும் ‘அர்ரோஸ் கொன் கந்தூலெஸ்’ அந்தத் தீவின் கிறிஸ்துமஸ் விருந்தில் முக்கியமான உணவு என்பதால், நம் சாதத்தை ஸ்பானியம் பேசும் ஒருவருக்கு விளக்க இந்தப் பெயரே நல்ல தொடக்கமாகும்.

இரண்டாவதாக, ஸ்பானியப் பெயர்ச்சொல்லை எல் அல்லது லா என்ற முன்சொல் இல்லாமல் ஒருபோதும் எழுதிப் பழகாதீர்கள். உயிரற்ற பொருளுக்கும் ஆண்பால், பெண்பால் உண்டு என்பது தமிழருக்குப் புதிது. பின்னால் தனியாகக் கற்பது பெரும்பாடு.

மூன்றாவது படி வினைச்சொற்கள். இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும், ஏனெனில் பெயர்களை மட்டும் அறிந்தவரால் ஒரு வாக்கியம்கூடப் பேச முடியாது. அரிசியைக் களையும்போது ‘ஐ வாஷ் தி ரைஸ்’, ‘லாவோ எல் அர்ரோஸ்’ என்றும், பூண்டை உரிக்கும்போது ‘ஐ பீல் தி கார்லிக்’, ‘பெலோ எல் ஆஹோ’ என்றும், வெங்காயத்தை நறுக்கும்போது ‘ஐ கட் தி ஆனியன்’, ‘கொர்த்தோ லா செபோயா’ என்றும் சொல்லுங்கள். ஆங்கிலத்தில் ‘ஐ’ கட்டாயம் வேண்டும். ஸ்பானியத்திலோ, ‘கழுவுகிறேன்’ என்பதன் விகுதியே ‘நான்’ என்பதைக் காட்டுவதுபோல, ஈற்றிலுள்ள ஓகாரமே போதும். வதக்குவதற்கு ஸோட்டே, சோஃப்ரெயீர். கொதிக்க வைப்பதற்கு பாயில், எர்பீர். குக்கரை ஆங்கிலத்தில் ப்ரஷர் குக்கர் என்று முழுமையாகவும், ஸ்பானியத்தில் ‘லா ஓயா ஆ ப்ரெசியோன்’ என்றும் சொல்ல வேண்டும்.

கடைசியாக, எந்த நாட்டு ஸ்பானியம் வேண்டும் என்று முடிவு செய்யுங்கள். உருளைக்கிழங்கு ஸ்பெயினில் பத்தாத்தா, லத்தீன் அமெரிக்காவில் பாப்பா. நிலக்கடலை ஸ்பெயினில் ககவேத்தே, மெக்சிகோவில் ககவாத்தே, தென்னமெரிக்காவின் பல நாடுகளில் மனீ. திருப்பூரில் ஸ்பெயின் நாட்டு வாடிக்கையாளரோடு பேச விரும்புவோர் ஸ்பெயின் வழக்கையே எடுத்துக்கொள்வது நல்லது. இந்தச் சொற்கள் தாளைப் பார்க்காமல் வாயில் வந்த பிறகு, இதே முறையில் கம்பஞ்சோற்றுக்கோ பச்சைப்பயறு கடைசலுக்கோ செல்லலாம்.