அமெரிக்கக் கால்பந்து விருதுப் பட்டியல் எழுதும் முறை

அக்கா மகன் ஒஹாயோவில் படிக்கிறான். தன் பல்கலைக்கழக அமெரிக்கக் கால்பந்து வீரர்களின் தேசிய விருதுகளைத் தமிழில் எழுதித் தரச் சொன்னான். கொக்குவில் வீட்டுத் திண்ணையில் கொப்பியும் சிவப்புப் பேனையுமாக இருந்து நான் செய்த முறை இது.

'ஒல் அமெரிக்கன்' (அந்தப் பருவத்தின் சிறந்த கல்லூரி வீரர்களைத் தெரிந்து கற்பனையாக அமைக்கும் அணியில் இடம்பிடித்தவருக்கான பட்டம்) என்று கண்டவுடனே எழுதிவிடாதீர்கள். அந்தப் பட்டத்தைக் கொடுப்பவர்கள் பலர். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பான என்.சி.ஏ.ஏ. கணக்கில் எடுப்பது ஐந்து பேரைத்தான்: அசோசியேட்டட் பிரஸ், பயிற்சியாளர் சங்கம், கால்பந்து எழுத்தாளர் சங்கம், ஸ்போர்ட்டிங் நியூஸ், வால்ட்டர் கேம்ப் அறக்கட்டளை. ஒவ்வொரு வீரரின் பெயருக்கும் எதிரே ஐந்து கட்டம் கீறுங்கள். முதல் அணியில் பெயர் இருந்தால் மட்டும் சரி போடுங்கள். மூன்று சரி விழுந்தால் 'கொன்சென்சஸ்' (பெரும்பான்மைத் தெரிவு), ஐந்தும் விழுந்தால் 'யுனானிமஸ்' (ஏகமனதான தெரிவு). இரண்டாம் அணிக்கும் சரி போட்டு ஒரு பக்கத்தைக் கிழித்தவன் நான்.

எந்த ஆண்டை எழுதுவது? போட்டிப் பருவம் தொடங்கிய ஆண்டு. கடைசிப் போட்டி ஜனவரியில் நடந்தாலும் அதேதான்.

ஆண்டின் சிறந்த கல்லூரி வீரருக்குக் கொடுக்கும் ஹைஸ்மன் கோப்பைக்குத் தனிப் பக்கம் வையுங்கள். 1935 முதல் ஆண்டுக்கு ஒன்றுதான். ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழக வீரர் ஆர்ச்சி கிரிஃபினின் பெயர் 1974, 1975 இரண்டிலும் வந்தது. பிழையாக்கும் என்று ஒன்றை வெட்டிவிட்டேன். இரண்டு முறை வாங்கியவர் அவர் என்று மருமகன் போனில் கத்திய கத்து!