பழைய மோட்டார்ஹோமில் வீலும் டயரும் மாற்றுவது எப்படி: 16.5 அங்குலத்திலிருந்து 16-க்கு

1970-களில் அமெரிக்காவில் செய்த மோட்டார்ஹோம் ஒன்றை மலிவாக வாங்கியிருக்கிறீர்கள். இன்ஜின் ஓடுகிறது, அடுப்பு எரிகிறது, டயர் மட்டும் வெடித்துப் பாளம் பாளமாக இருக்கிறது. கடையில் அளவைச் சொன்னால் அந்த அளவில் இப்போது டயர் கிடைப்பதே அபூர்வம் என்கிறார்கள். எங்கள் 1977 டாட்ஜ் வண்டிக்கும் இதே கதைதான். வேறு வண்டியின் வீலை மாட்டலாம், நன்றாகவே மாட்டலாம். ஆனால் ஓட்டைகள் பொருந்துகின்றன என்பதை மட்டும் வைத்து வாங்கிவிடாதீர்கள்.

1. ரிம்மில் இருப்பதைப் படியுங்கள்

டாட்ஜ் எம்300, செவ்ரோலே பி30, ஃபோர்டு இ-350 சேஸிகளில் அன்று பரவலாக வந்தவை 8.00-16.5, 8.75-16.5, 9.50-16.5 டயர்கள். கடைசியில் வரும் 16.5 ரிம்மின் விட்டம், அங்குலக் கணக்கில். டயரை மட்டும் நம்பாதீர்கள்; முன்பு வைத்திருந்தவர் எதை மாட்டினாரோ தெரியாது. வீலைக் கழற்றி, வால்வுக்குப் பக்கத்திலோ உட்புறத்திலோ குத்தியிருக்கும் எண்ணைக் கம்பி பிரஷால் தேய்த்துப் பாருங்கள். 16.5x6 என்று இருந்தால் தொடர்ந்து படியுங்கள். 16x6 என்றால் டயர் மட்டும் வாங்கினால் போதும்.

ரிம்மின் விளிம்பில் தனியாக ஓர் இரும்பு வளையம் தெரிந்தால் அது பல துண்டு ரிம். அதை வீட்டில் பிரிக்க வேண்டாம். கூண்டுக்குள் வைத்துக் காற்றடிக்கும் லாரி டயர் கடைக்குக் கொண்டுபோங்கள்.

2. 16 டயரை 16.5 ரிம்மில் ஏற்றவே கூடாது

இந்தப் பதிவில் ஒன்றே ஒன்றை நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள். அரை அங்குல வித்தியாசம்தானே என்று தோன்றும். 16 அங்குல டயர் அந்த ரிம்மில் ஏறவும் ஏறும், அதுதான் ஆபத்து. டயரின் உள்விளிம்பு, கடைக்காரர்கள் பீடு என்பது, ரிம்மில் உட்காரும் இடம் 16 ரிம்மில் 5 டிகிரி சாய்வு, 16.5 ரிம்மில் 15 டிகிரி. சாய்வும் விட்டமும் வேறு என்பதால் பீடு உட்காராது. காற்றடிப்பவர் உட்காரட்டும் என்று இன்னும் அழுத்தம் ஏற்றுவார். பீடுக்குள் இருக்கும் எஃகுக் கம்பி வளையம் அறுந்து, டயர் ஆளின் முகத்தில் வெடிக்கும். இப்படி உயிர்கள் போயிருக்கின்றன. 16 அங்குல எல்டி (சிறு லாரிக்கான வகை) டயர்களின் பக்கச் சுவரிலேயே இந்த எச்சரிக்கை அச்சாகியிருப்பதைப் பார்க்கலாம். ஆகவே மாற்றுவதென்றால் வீலும் டயரும் சேர்த்துத்தான், ஸ்டெப்னி உட்பட.

3. போல்ட் வட்டத்தை அளங்கள்

மேலே சொன்ன மூன்று சேஸிகளிலும் பெரும்பாலும் 8 ஸ்டட் (நட்டு ஏறும் போல்ட்). அவற்றின் மையங்கள் வழியே போகும் வட்டத்தின் விட்டம் 6.5 அங்குலம், அதாவது 165.1 மி.மீ. ஃபோர்டு 1999-இல் வந்த சூப்பர் டியூட்டி லாரிகளில் இதை 170 மி.மீ. ஆக்கிவிட்டது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், மாட்டினால் சேராது. பழைய பொருள் கடைக்கு டேப்போடு போங்கள். ஓர் ஓட்டையின் இடது விளிம்பிலிருந்து நேரெதிர் ஓட்டையின் இடது விளிம்புவரை அளந்தால் வட்டத்தின் அளவு அப்படியே கிடைத்துவிடும், மையத்தைத் தேட வேண்டியதில்லை.

அப்புறம் நடு ஓட்டை. 8 ஸ்டட், 6.5 அங்குலம் என்று இருந்தாலும் ஒவ்வொரு கம்பெனிக்கும் இது மாறும். வீலின் ஓட்டை உங்கள் ஹப்பைவிடச் சிறிதாக இருந்தால் வீல் போய் உட்காராது. முன்பக்கம் டிஸ்க் பிரேக் என்றால் 16 அங்குல வீலின் உட்புறம் காலிப்பரில் உரசுகிறதா என்று கையால் ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள்.

4. பின்னால் இரட்டைச் சக்கரம்

ஆறு வீலும் ஒரே ஆஃப்செட்டில் இருக்க வேண்டும். வீலின் நடுக்கோட்டிலிருந்து, ஹப்பில் ஒட்டும் முகம் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதே ஆஃப்செட். பின்னால் இரண்டு வீல்கள் முதுகோடு முதுகாக நிற்பதால், இரண்டு டயர்களின் இடைவெளியை அதுதான் தீர்மானிக்கிறது. இடைவெளி குறைந்தால் பாரம் ஏறியதும் டயர்களின் அடிப்பகுதி பிதுங்கி ஒன்றையொன்று தொடும், சூடாகும், கிழியும். அதனால் இரட்டைச் சக்கரத்துக்கு நான் அகல டயரைச் சொல்ல மாட்டேன். ஒல்லியாக உயர்ந்த எல்டி215/85ஆர்16 நல்ல தேர்வு. விட்டம் 30.4 அங்குலம் என்பதால் ஸ்பீடோமீட்டர் கொஞ்சம் குறைத்துக் காட்டலாம். வாங்குமுன் டயர் கம்பெனியின் அட்டவணையில் இரட்டைச் சக்கரத்துக்கான குறைந்தபட்ச இடைவெளியைப் பார்த்துவிடுங்கள்.

1973 முதல் 1978 வரை வந்த ஜிஎம்சி மோட்டார்ஹோமுக்கு இந்தக் கவலை இல்லை. அதன் பின்சக்கரங்கள் நான்கும் ஒன்றன்பின் ஒன்றாக, ஒற்றையாக நிற்கும். 8.75-16.5-க்குப் பதில் அதில் பலரும் போடுவது எல்டி225/75ஆர்16, விட்டம் 29.3 அங்குலம், பழைய டயருக்கு மிக நெருக்கம்.

டொயோட்டா பிக்அப் மேல் கட்டிய சிறிய வண்டியா? பின்னால் இரட்டைச் சக்கரம் இருந்தும் 5 ஸ்டட்தான் என்றால் வீலை விட்டுவிட்டு ஆக்ஸிலைக் கவனியுங்கள். அந்த ஆக்ஸில் உடைந்ததால் வண்டிகளைத் திரும்ப அழைத்து 6 ஸ்டட் ஆக்ஸில் போட்டுக் கொடுத்தார்கள்.

5. பாரத்தைக் கணக்கிடுங்கள்

தண்ணீர்த் தொட்டி நிரப்பி, சாமான் ஏற்றி, லாரிகள் நிற்கும் இடத்து எடைமேடையில் முன் ஆக்ஸிலையும் பின் ஆக்ஸிலையும் தனித்தனியே எடை போடுங்கள். இ ரேஞ்ச் (பாரம் தாங்கும் தரத்தைக் குறிக்கும் எழுத்து) எல்டி215/85ஆர்16 டயர் 80 பிஎஸ்ஐ அழுத்தத்தில் ஒற்றையாக 2,680 பவுண்டு, இரட்டையாக 2,470 பவுண்டு தாங்கும். முன்னால் இரண்டு டயருக்கு 5,360, பின்னால் நான்குக்கு 9,880. உங்கள் எடை இதற்குக் கீழே, கொஞ்சம் தாராளமாகவே கீழே இருக்கட்டும். ரிம்முக்கும் தனி வரம்பு உண்டு. வால்வும் முக்கியம்: சாதாரண ரப்பர் வால்வு 65 பிஎஸ்ஐ வரைதான், 80 அடிப்பதென்றால் உலோக வால்வு போடச் சொல்லுங்கள். டயரின் பக்கச் சுவரில் DOT என்று தொடங்கும் டாட் எண்ணின் கடைசி நான்கு இலக்கங்கள் தயாரித்த வாரமும் வருடமும். 2319 என்றால் 2019-இன் 23-ஆம் வாரம். பட்டன் (தரையில் படும் ரப்பர் மேடு) எவ்வளவு இருந்தாலும் பழைய டயரை வாங்காதீர்கள்.

6. கழற்றி மாட்டுவது

பல பழைய டாட்ஜ் சேஸிகளில் வண்டியின் இடப்பக்க ஸ்டட்களுக்கு இடப்புரி. துரு தட்டிய நட்டு என்று நினைத்து நீளக் குழாயைச் சொருகி வழக்கமான திசையில் மிதித்தேன், ஸ்டட் இரண்டு முறிந்தது. அதன் பிறகுதான் ஸ்டட் நுனியைத் துடைத்துப் பார்த்தேன். நகத்தளவு இடத்தில் எல் என்ற ஆங்கில எழுத்து குத்தியிருந்தது. அந்த எழுத்து இருந்தால் கடிகாரம் சுற்றும் பக்கமாகத் திருப்பித்தான் கழற்ற வேண்டும்.

நட்டும் வீலும் ஜோடி. சில வீல்களில் நட்டு உட்காரும் இடம் கூம்பாக இருக்கும், சிலவற்றில் உருண்டையாக, சிலவற்றில் தட்டையாக. பழைய நட்டைப் புது வீலில் கையால் வைத்து ஆட்டிப் பாருங்கள். ஆடினால் அது அந்த வீலுக்கு உரியதில்லை. ஹப் முகத்தில் துருவும் பெயின்டும் இல்லாமல் சுரண்டிவிட்டு, நட்டுகளை நேரெதிராக மாற்றி மாற்றி, மேனுவலில் சொன்ன டார்க்குக்கு இறுக்குங்கள். 50 மைல் ஓட்டியதும் வண்டியை ஓரங்கட்டி, ஒவ்வொரு நட்டையும் டார்க் ஸ்பேனரால் மறுபடி பாருங்கள். எங்கள் வண்டியில் பின்பக்க நட்டுகள் கால் சுற்று இறுகின.