‘எத்தனை?’ என்று கேட்ட உடனே ‘எண்ணு’ என்று சொல்லாதீர்கள்

தரையில் மூன்று பொத்தான்கள் கிடக்கின்றன. மூன்று வயதுக் குழந்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு "மூணு" என்கிறது. பக்கத்தில் இருக்கும் பெரியவர், "எங்கே, ஒண்ணு ஒண்ணா எண்ணிச் சொல்லு" என்கிறார். குழந்தையின் முகம் மாறுகிறது. சரியாகத்தானே சொன்னோம், ஏன் மறுபடி கேட்கிறார்கள்? அடுத்த முறை அது பார்த்ததைச் சொல்லாது, விரலை நீட்டி எண்ணத் தொடங்கிவிடும். பெரும்பாலான வீடுகளில் நடக்கும் முதல் தவறு இதுதான். என் மகளிடம் நானும் இதையே செய்திருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

சின்ன எண்ணிக்கையை எண்ணாமலே பார்த்த மாத்திரத்தில் அறிவது ஒரு தனித் திறன். ஜெவான்ஸ் என்ற ஆங்கிலேயப் பொருளியல் அறிஞர் அவரை விதைகளை ஒரு பெட்டிக்குள் வீசி, எத்தனை விழுந்தன என்று ஒரே பார்வையில் சொல்லிச் சொல்லிப் பார்த்தார். ஆயிரம் தடவைக்கு மேல் இப்படிச் செய்து, முடிவை 1871-இல் வெளியிட்டார். மூன்றிலும் நான்கிலும் அவர் ஒருமுறைகூடத் தவறவில்லை. ஐந்தில்தான் தவறு தொடங்கியது. இந்தத் திறனுக்கு 1949-இல் ‘சபிடைசிங்’ என்று பெயர் வைத்தார்கள். ‘திடீர்’ என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. பேசத் தெரியாத சில மாதக் குழந்தைகளே இரண்டுக்கும் மூன்றுக்கும் உள்ள வேறுபாட்டைக் கவனிக்கிறார்கள். ஆக, பார்க்கும் திறன் குழந்தையிடம் ஏற்கெனவே இருக்கிறது. அந்தப் பார்வைக்கு ‘இரண்டு’, ‘மூன்று’ என்ற சொற்களைச் சேர்த்துக் கொடுப்பதுதான் நம் வேலை.

அதனால் குழந்தை "மூணு" என்றால், "ஆமாம், மூணு" என்று சொல்லி நிறுத்துங்கள். எண்ணிப் பார்ப்பது அப்புறம் வரட்டும். இன்னொன்று: "பொத்தான் மூணு இருக்கு" என்று பொருளை முதலில் சொல்லி, எண்ணைப் பிறகு சொல்லிப் பாருங்கள். நம் பேச்சில் இது இயல்பாகவே வரும். குழந்தையின் கவனம் முதலில் பொத்தானில் நிலைக்கிறது, பிறகு எத்தனை என்பது அதில் வந்து ஒட்டுகிறது.

அடுத்த தவறு அவசரம். "ஒன்று இரண்டு மூன்று" என்று பத்து வரை ஒப்பிக்கும் குழந்தைக்கு அத்தனை எண்களும் புரிந்துவிட்டதாக நினைத்து, ஆறு, ஏழு புள்ளிகள் உள்ள அட்டைகளை எடுத்துவிடுகிறோம். ஆனால் ‘ஒன்று’ புரிந்து, ‘இரண்டு’ புரிவதற்கே பல குழந்தைகளுக்கு மாதங்கள் ஆகின்றன. ‘மூன்று’ வர இன்னும் சில மாதங்கள். எனவே இரண்டிலேயே வேண்டிய மட்டும் தங்குங்கள். இரண்டு செருப்பு, இரண்டு கண், இரண்டு கரண்டி என்று காட்டுங்கள். பக்கத்திலேயே மூன்று கரண்டிகளை வைத்து "இது இரண்டு இல்லை" என்றும் காட்டுங்கள். எது இரண்டு இல்லை என்று தெரியும்போதுதான் எது இரண்டு என்பது உறுதியாகிறது.

பகடையை மட்டும் நம்பியிருப்பதையும் தவிர்க்க வேண்டும். பகடை நல்ல கருவிதான். ஆனால் நான்கு மூலையிலும் நடுவிலும் புள்ளி இருந்தால் ‘ஐந்து’ என்று குழந்தை ஒரு எழுத்தை அடையாளம் காண்பது போலப் படித்துவிடலாம். அதே ஐந்து பொத்தான்களைச் சிதறிப் போட்டால் திணறும். வரிசையாக, முக்கோணமாக, ஒழுங்கில்லாமல், நெருக்கி, பரப்பி என மூன்றையே பல விதமாக வையுங்கள். பரப்பி வைத்தால் கூடுதல் என்று சின்னக் குழந்தைகள் எளிதில் ஏமாறுவார்கள். அந்த ஏமாற்றம் தீர இந்தப் பழக்கம் உதவும். கைதட்டலையும் சேர்த்துக்கொள்ளலாம், காதுக்கும் இரண்டும் மூன்றும் தெரியும்.

படங்கள் நெருக்கியடித்த, வண்ணமும் அளவும் கலந்த அட்டைகள் தொடக்கத்தில் வேண்டாம். வெற்றுத் தாளில் ஒரே அளவுப் புள்ளிகள் போதும்.

எவ்வளவு நேரம் காட்டுவது? அட்டையைப் பிடித்துக்கொண்டே இருந்தால் குழந்தை எண்ணிவிடும். மின்னல் போலக் காட்டி மறைத்தால் பதறிப்போகும். ஒன்றிரண்டு நொடி காட்டிவிட்டுக் கையால் மூடுங்கள். தடுமாறினால் மறுபடி காட்டுங்கள், அதில் ஒரு குறையும் இல்லை. ‘எவ்வளவு வேகமாகச் சொல்கிறாய் பார்ப்போம்’ என்று கடிகாரத்தை வைத்தால் அந்த நிமிடமே விளையாட்டு செத்துவிடும். குழந்தை யோசிப்பதை விட்டுவிட்டு உங்கள் முகத்தைப் பார்த்து ஊகிக்கத் தொடங்கும்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் ஐந்துக்கு மேல்தான். பெரியவர்களுக்குமே நான்கு வரை ஏறக்குறைய ஒரே வேகம். அதற்கு மேல் எண்ண வேண்டியிருப்பதால், ஒவ்வொரு பொருளுக்கும் கால் நொடிக்கு மேல் கூடுகிறது. அதனால் ஆறையும் ஏழையும் ‘ஒரே பார்வையில்’ சொல்லச் சொல்வது வீண் பாரம். அங்கே தேவைப்படுவது பிரித்துப் பார்க்கும் கண். ஆறு புள்ளிகளை மூன்று மூன்றாகப் பார்த்துச் சேர்ப்பது, ஏழு விரல்களை ஒரு கையும் இரண்டு விரலுமாகப் பார்ப்பது. இதற்கு விடையைக் கேட்டால் போதாது. "உனக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்று கேளுங்கள். ஒரே ஐந்து புள்ளியில் ஒரு குழந்தை "இங்கே மூணு, அங்கே ரெண்டு" என்னும், இன்னொன்று "நாலும் நடுவில் ஒண்ணும்" என்னும். இரண்டும் சரி என்று இருவருக்கும் சொல்லுங்கள். கூட்டல் கணக்கு அந்த இடத்தில்தான் பிறக்கிறது.

இவ்வளவு சொன்னதற்காக எண்ணுவதையே கைவிட்டுவிட வேண்டாம். அது எதிர்த்திசைத் தவறு. "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று எண்ணி முடித்த குழந்தையிடம் "அப்போ எத்தனை?" என்று கேட்டால், பல குழந்தைகள் மறுபடி முதலிலிருந்து எண்ணும். கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்பது அவர்களுக்கு இன்னும் பிடிபடவில்லை. முதலில் பார்த்து "மூணு" என்று சொல்ல விட்டு, பிறகு கூடவே எண்ணிக் காட்டினால், எண்ணி வந்த மூன்றும் பார்த்த மூன்றும் ஒன்றுதான் என்பது தானாகப் பொருந்தும்.

பள்ளியில் ஓரிரு வருடம் கழிந்த பிறகும் இரண்டையும் மூன்றையும் விரல் வைத்தே எண்ணுகிற குழந்தை என்றால், அதைச் சோம்பல் என்று ஒதுக்காதீர்கள். முதலில் கண் பரிசோதனை செய்துவிடுங்கள். பார்வை நன்றாக இருந்தும், வீட்டில் பொறுமையாக விளையாடியும் மாற்றம் இல்லையென்றால் ஆசிரியரிடமும் கற்றல் சிரமங்களை மதிப்பிடும் நிபுணரிடமும் பேசுங்கள். எண்ணில் தனிச் சிரமம் உள்ள சில குழந்தைகளிடம் இந்த அடையாளம் காணப்படுகிறது.