ஆரக்கிளில் பிளாக் அளவை மாற்றுவது: உழைப்புக்குப் பலன் உண்டா?

சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊரில், செம்பனை ஆலையின் எடைமேடைப் பதிவும் தோட்டத்துச் செக்ரோலும் (தொழிலாளர் வருகை, சம்பளப் பதிவேடு) ஒரே ஆரக்கிள் (தரவுத்தள மென்பொருள்) சர்வரில் ஓடுகின்றன என்றால், 8 கேபி பிளாக்கை (ஆரக்கிள் தரவைச் சேமிக்கும் மிகச் சிறிய அலகு) அப்படியே விடுங்கள். மாதக் கடைசிச் சம்பளக் கணக்கு இழுத்தடித்தால், முதலில் மெதுவான கியூரியையும் (தரவைக் கேட்கும் கட்டளை) இண்டெக்ஸையும் (தரவை விரைவாகத் தேடித்தரும் அட்டவணை) பாருங்கள். பெரும்பாலும் கோளாறு அங்கேதான்.

16 கேபி பிளாக்கைச் சோதித்தே ஆக வேண்டுமா? பிரதிச் சர்வரில் மட்டும் செய்யுங்கள். முதலில் டிபி_16கே_கேச்_சைஸுக்கு, அதாவது 16 கேபி பிளாக்குகளை நினைவகத்தில் வைத்திருக்கும் தனி கேச்சின் அளவைக் குறிக்கும் அமைப்புக்கு, நினைவகம் ஒதுக்குங்கள். மறந்தால் 16 கேபி டேபிள்ஸ்பேஸ் (டேபிள்களை வைக்கும் சேமிப்பிடம்) உருவாகாது, ஓரா-29339 பிழை வரும். பிறகு டேபிளை அந்த டேபிள்ஸ்பேஸுக்கு நகர்த்தி, அதனால் பயனற்றுப்போன இண்டெக்ஸ்களை ரீபில்ட் செய்து, புள்ளிவிவரங்களைப் புதுப்பியுங்கள்.

அளக்கும்போது கவனம் தேவை. பிளாக் இரட்டிப்பானால் படித்த பிளாக்குகளின் எண்ணிக்கை ஏறக்குறைய பாதியாகும். அது வேகம் அல்ல. கடிகார நேரத்தையும் சிபியு நேரத்தையும் ஒப்பிடுங்கள். முழு டேபிளையும் படிக்கும்போது ஆரக்கிள் பல பிளாக்குகளைச் சேர்த்தே எடுப்பதால் அங்கும் லாபம் சொற்பம்.

இந்தத் தனி 16 கேபி கேச்சைத் தானியங்கி நினைவக நிர்வாகம் கூட்டிக் குறைக்காது. காலையில் லாரிகள் வரிசை கட்டும்போது 8 கேபி கேச் திணறும், 16 கேபி கேச்சோ சும்மா கிடக்கும். வேறு பிளாக் அளவுள்ள டேட்டாபேஸிலிருந்து டேபிள்ஸ்பேஸைக் கொண்டுவந்து இணைப்பதற்கு மட்டும் இந்த வசதி உண்மையிலேயே கைகொடுக்கும்.