பிரிண்ட் விமர்சனக் கூட்டமும் விருந்தினர் பேச்சும்: புகைப்படக் கழகத்தில் நடத்துவது எப்படி

அச்சிட்ட படங்களை வைத்துப் பேசும் பிரிண்ட் விமர்சனக் கூட்டத்துக்குத் தேதி குறிக்கும் முன் அரங்கின் விளக்கைப் போய்ப் பாருங்கள். கூரையில் எரியும் மங்கலான குழல்விளக்கின் கீழே வைத்தால் எந்தப் பிரிண்டிலும் நிழல் பகுதிகள் அடைத்துக்கொண்டு ஒரே கருப்பாகத் தெரியும். "இருட்டா இருக்கே" என்று ஆளுக்கு ஆள் சொல்வார்கள். எடுத்தவரும் வீட்டுக்குப் போய்த் தேவையே இல்லாமல் வெளிச்சத்தைக் கூட்டி மறுபடி அச்சிடுவார்.

அச்சுகளைப் பார்ப்பதற்கான ஐஎஸ்ஓ 3664 தரநிலை இரண்டு அளவுகளைச் சொல்கிறது: நுணுகி ஒப்பிட 2000 லக்ஸ் (பரப்பில் விழும் வெளிச்சத்தின் அலகு), சாதாரணமாகப் பார்த்து மதிப்பிட 500 லக்ஸ். கழகத்துக்கு 500 போதும். சுவரில் மாட்டப்போகும் படத்தை 2000 லக்ஸில் வைத்துப் பாராட்டினால், அங்கே தெரிந்த நிழல் விவரம் வீட்டுச் சுவரில் காணாமல் போகும்.

லக்ஸ் மீட்டர் இல்லையென்றால் கேமராவே போதும். பிரிண்ட் வைக்கும் இடத்தில் 18 சதவீதச் சாம்பல் அட்டையை வைத்து, அட்டை மட்டும் ஃபிரேமை நிறைக்கும்படி அளந்து பாருங்கள். கேமராவின் ஐஎஸ்ஓ 400, லென்ஸ் துளை எஃப் 4, ஷட்டர் 1/50 நொடி என்று வந்தால் ஏறக்குறைய 500 லக்ஸ். 1/25 என்று வந்தால் வெளிச்சம் பாதிதான் இருக்கிறது. அட்டையை நான்கு மூலைகளுக்கும் நகர்த்தி அளந்து பாருங்கள். மூலைக்கு மூலை அரை ஸ்டாப்புக்கு (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு அல்லது பாதி) மேல் மாறினால் விளக்கை இன்னும் தள்ளி வையுங்கள். தள்ளி வைக்கும்போது வெளிச்சம் வேகமாகக் குறையும் என்பதை மறக்க வேண்டாம்: சிறிய விளக்காக இருந்தால், தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் கால் பங்காகிவிடும்.

ஒளியின் நிறம் 5000 கெல்வின், சிஆர்ஐ (நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்ற எண்) 90 அல்லது அதற்கு மேல் உள்ள எல்இடி விளக்குகள் இரண்டு வாங்குங்கள். பிரிண்டின் இரு பக்கமும் 45 பாகைச் சாய்வில் நிறுத்தினால் பளபளப்புத் தாளிலும் விளக்கின் பிரதிபலிப்பு பார்ப்பவர் கண்ணில் விழாது. சிஆர்ஐ குறைந்த விளக்கில் தோல் நிறம் செத்துப்போன மாதிரி இருக்கும். குறை பிரிண்டில் இருக்காது. விமர்சனம் தொடங்கியதும் கூரை விளக்கை அணைத்து, ஜன்னல் திரையை இழுத்து விடுங்கள். நிறம் வேறுபட்ட இரண்டு ஒளிகள் கலந்தால் வண்ணத்தைப் பற்றிப் பேசுவதில் அர்த்தமே இல்லை. பிரிண்டுக்குப் பின்னால் சாம்பல் துணி அல்லது அட்டை இருக்கட்டும். பின்னால் மஞ்சள் சுவர் இருந்தால் பிரிண்ட் கண்ணுக்கு நீலம் பாய்ந்ததுபோல் தெரியும்.

உறுப்பினர்களுக்கு முன்கூட்டியே அனுப்பும் குறிப்பில் இவை இருக்கட்டும். குறைந்தது ஏ4, முடிந்தால் ஏ3. அங்குலத்துக்கு 300 பிக்ஸல் கணக்கில் ஏ4 தாளுக்கு 2480 × 3508 பிக்ஸல், ஏ3 தாளுக்கு 3508 × 4961 பிக்ஸல் தேவை. சுற்றிலும் 2 செ.மீ. வெள்ளை விளிம்பு விட்டால் படத்தில் விரல் படாமல் தூக்கலாம். மவுண்ட் (படத்தை ஒட்டும் கெட்டி அட்டை) கட்டாயமில்லை, ஆனால் மெல்லிய தாளுக்குப் பின்னால் ஓர் அட்டை வேண்டும். வளைந்த தாளில் ஒளி ஒரு பட்டையாக மின்னும், அந்தப் பகுதியை யாராலும் பார்க்க முடியாது. இங்க்ஜெட் பிரிண்டை முதல் நாளே எடுத்து 24 மணி நேரம் காயவிட்டு, அதன் பிறகு உறைக்குள் போடச் சொல்லுங்கள். ஈரம் முழுக்கப் போகாமல் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டால் உறையின் உள்பக்கம் மூட்டம் படியும். மேட் தாள்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால் கருப்புப் பகுதிகள் தேய்ந்து வெளுக்கும், இடையில் மெல்லிய தாள் வையுங்கள்.

பெயர் வேண்டாம், எண் மட்டும். அதையும் பின்பக்கத்தில் சிறு ஒட்டுச்சீட்டில் எழுதுங்கள். பிளாஸ்டிக் பூச்சுள்ள தாளின் முதுகில் பென்சில் பிடிக்காது. பேனா மை காயாமல் கிடந்து அடுத்த பிரிண்டின் முகத்தில் ஒட்டிக்கொள்ளும்.

நேரக் கணக்கு

ஒரு பிரிண்டுக்கு 5 நிமிடம். 90 நிமிடக் கூட்டத்தில் 16 பிரிண்ட், அதற்கு மேல் எடுக்காதீர்கள். ஆளுக்கு ஒன்று என்று வரம்பு வையுங்கள். இரண்டாவது படம் நேரம் மிஞ்சினால் மட்டும். வரம்பு வைக்காத கழகங்களில் கடைசி ஆறு பேரின் படங்கள் அவசர அவசரமாகப் பார்க்கப்படும். பெரும்பாலும் புதியவர்கள்தான் அந்த ஆறு பேர், ஏனென்றால் அவர்கள் தயங்கிக் கடைசியில் கொடுப்பார்கள். கூட்டம் தொடங்கும் முன் 15 நிமிடம் எல்லாப் பிரிண்ட்களையும் மேசைகளில் பரப்பி, எல்லோரும் சுற்றி வந்து கிட்டத்தில் பார்க்கட்டும். நாற்காலியில் உட்கார்ந்தபடி ஏ4 அளவில் நுண்விவரம் எதுவும் தெரியாது.

அந்த ஐந்து நிமிடத்தில் முதல் அரை நிமிடம் யாரும் பேசக்கூடாது. இந்த ஒரு விதியைக் கண்டிப்பாகப் பிடித்துக்கொள்ளுங்கள், மற்றவை நெகிழலாம். பிறகு மூன்று நிமிடம் பார்வையாளர்கள் பேச, எடுத்தவர் வாய் திறக்காமல் கேட்க வேண்டும். "விடியக்காலை மலையேறி எடுத்தேன்" என்று அவர் முதலிலேயே சொல்லிவிட்டால் எல்லோரும் உழைப்பைப் பார்ப்பார்கள், படத்தைப் பார்க்க மாட்டார்கள். அவர் பேச ஒரு நிமிடம். மீதி அரை நிமிடம் பிரிண்ட் மாற்றுவதற்குச் சரியாக இருக்கும்.

பேச்சை நடத்துபவர் முதல் கேள்வியை எப்போதும் ஒரே மாதிரி வைக்கலாம்: கண் முதலில் எங்கே போனது, எங்கே போய் நின்றது? இதற்குப் பதில் சொல்லத் தொழில்நுட்பம் தெரிய வேண்டியதில்லை, அதனால் புதியவரும் பேசுவார். மூத்த உறுப்பினர்களைக் கடைசியில் பேசச் சொல்லுங்கள். அவர்கள் தொடங்கினால் மற்றவர்கள் தலையாட்டிவிட்டு அமர்ந்துவிடுவார்கள். அடுத்தது பிரிண்ட்: கருப்பில் விவரம் இருக்கிறதா, வெள்ளையில் தாள் அப்படியே தெரிகிறதா, விளிம்புகளில் ஷார்ப்பனிங் (மென்பொருளில் கூர்மை கூட்டுவது) கோடு மின்னுகிறதா, இந்தப் படத்துக்கு இந்தத் தாள் பொருந்துகிறதா. கட்டமைப்பு பற்றிய பேச்சு இதற்குப் பிறகு வரட்டும். ஓரத்தை வெட்டினால் நன்றாக இருக்கும் என்று யாராவது சொன்னால், எல் வடிவில் வெட்டிய இரண்டு கருப்பு அட்டைகளை அவர் கையில் கொடுத்துப் பிரிண்டின் மேலேயே வைத்து மறைத்துக் காட்டச் சொல்லுங்கள். பாதி யோசனைகள் அங்கேயே உதிர்ந்துவிடும்.

நிறுத்த வேண்டிய பேச்சுகளும் உண்டு. "நல்லா இருக்கு" என்றால் எது என்று கேளுங்கள். "என்ன லென்ஸ்?" என்ற கேள்வி இடைவேளைக்கு. "அங்கே ஒரு பறவை உட்கார்ந்திருந்தால்..." என்பது எடுக்காத வேறொரு படத்தைப் பற்றிய பேச்சு, துண்டித்துவிடுங்கள். மதிப்பெண் போடுவதைப் போட்டி நாளுக்கு ஒதுக்குங்கள். எண் கேட்டவுடன் காரணம் யார் காதிலும் ஏறாது.

நல்ல விளக்கிலும் பிரிண்ட் இருட்டாக இருந்தால் பெரும்பாலும் எடுத்தவரின் மானிட்டர் அதிக வெளிச்சத்தில் இருக்கிறது. சதுர மீட்டருக்கு 80 முதல் 120 கேண்டெலா (திரை வெளிச்சத்தின் அலகு) வரை குறைத்து, கேலிபிரேட் செய்து (கருவியால் அளந்து நிறத்தைச் சரிப்படுத்தி), மறுபடி அச்சிடச் சொல்லுங்கள். ஒரு விளக்கில் சரியாகவும் இன்னொன்றில் பச்சையாகவோ ஊதாவாகவோ தெரிந்தால் அது மையும் விளக்கும் சேர்ந்து செய்யும் வேலை. பகல் கூட்டமாக இருந்தால் ஜன்னலருகே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள்.

விருந்தினர் பேச்சு

ஆறு முதல் எட்டு வாரம் முன்பே அழைப்பு போகட்டும். தலைப்பைக் குறுக்கிக் கேளுங்கள். "உங்கள் பயணப் படங்கள்" என்றால் 200 ஸ்லைடு வரும். "ஒரே தொடரில் 300 படங்களிலிருந்து 20 படங்களை எப்படித் தேர்ந்தீர்கள், எவற்றை ஏன் விட்டீர்கள்" என்றால், விட்ட படங்களையும் காட்ட வேண்டிவரும். கேட்பவர் கற்றுக்கொள்வது அவற்றில்தான். பேச்சு 45 நிமிடம், கேள்வி 20 நிமிடம், படங்கள் 60-ஐத் தாண்ட வேண்டாம். சன்மானம், பயணச் செலவு, பதிவு செய்ய அனுமதி உண்டா, திரையைப் போன் கேமராவில் எடுக்கலாமா என்ற நான்கையும் எழுத்தில் முடித்துவிடுங்கள்.

படங்களை எஸ்ஆர்ஜிபி (சாதாரணத் திரைகளுக்கான பொது வண்ண வரம்பு) வண்ணத்தில் ஜேபெக்காகக் கேளுங்கள். அதைவிட அகன்ற வரம்புள்ள அடோபி ஆர்ஜிபி கோப்பை வண்ண மேலாண்மை இல்லாத மென்பொருளில் திறந்தால் நிறமெல்லாம் வெளிறும், பேச்சாளர் மேடையில் நின்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருப்பார். 1920 × 1080 புரொஜெக்டரானால் நெடுக்கு வாட்டப் படங்களின் உயரம் 1080 பிக்ஸல்.

புரொஜெக்டரின் த்ரோ ரேஷியோ (திரைக்குள்ள தூரத்தைப் படத்தின் அகலத்தால் வகுத்த எண்) 1.5 என்றால் 2 மீட்டர் அகலத் திரைக்கு 3 மீட்டர் தூரம் வேண்டும். திரையின் கீழ் விளிம்பு தரையிலிருந்து 1.2 மீட்டருக்குக் குறைந்தால் பின்வரிசைக்கு முன்வரிசைத் தலைகள்தான் தெரியும். படத்தின் உயரத்தைப் போல ஆறு மடங்குக்கு அப்பால் நாற்காலி போட வேண்டாம். கோணலாக விழும் படத்தை மின்னணு முறையில் நேராக்கும் கீஸ்டோன் திருத்தத்தை நம்பாமல் புரொஜெக்டரையே நேராக வையுங்கள். அந்தத் திருத்தம் பிக்ஸல்களைத் தின்று படத்தை மழுங்கடிக்கும்.

பேச்சாளரை அரை மணி முன்னதாக வரச் சொல்லி, அவர் படங்களிலேயே மிக இருண்டதையும் மிக வெளுத்ததையும் திரையில் போட்டுப் பாருங்கள். லேப்டாப்பின் உறக்க அமைப்பும் அறிவிப்புகளும் அணைந்திருக்கட்டும். எச்டிஎம்ஐ கேபிள், யுஎஸ்பி-சி மாற்றி, எல்லாப் படங்களும் ஒரே பிடிஎஃப்பாக ஏற்றிய பென்டிரைவ் ஆகிய மூன்றும் கழகத்தின் பெட்டியிலேயே இருக்கட்டும். கேள்வி நேரத்தில் முதல் கேள்வி வரத் தாமதமாகும், உறுப்பினர்கள் இருவரிடம் முன்பே சொல்லி வையுங்கள். கேள்வியைப் பேச்சாளர் மைக்கில் திருப்பிச் சொன்ன பிறகே பதில் தொடங்க வேண்டும்.

வந்தவரையே பிரிண்ட்களைப் பற்றியும் பேசச் சொல்வதாக இருந்தால் ஆறு பிரிண்ட் போதும், அவற்றின் நகலையும் எடுத்தவர் கேட்க விரும்பும் ஒரு கேள்வியையும் ஒரு வாரம் முன்பே அனுப்பிவிடுங்கள். பேச்சு முடிந்த களைப்பில் முன்பின் பார்க்காத முப்பது படங்களை நீட்டினால் பாராட்டு மட்டும்தான் வரும். அவர் சொன்ன திருத்தங்களைச் செய்து மறுபடி அச்சிட்டவர்களுக்கு அடுத்த கூட்டத்தின் முதல் பத்து நிமிடத்தை ஒதுக்கி, பழைய பிரிண்டையும் புதியதையும் அதே விளக்கின் கீழ் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்.