கிளான் வாரில் டார்கெட் கொடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிளாஷ் ஆஃப் கிளான்ஸ் என்ற மொபைல் கேமில் இரண்டு கிளான்கள், அதாவது ஆடுபவர்களின் குழுக்கள், மோதுவதுதான் கிளான் வார். அந்த வார் தோற்றதும் கிளான் சாட்டில் முதலில் வரும் கேள்வி, "யார் அட்டாக் போடலை?" என்பதுதான். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அதற்கு முன்னால் இன்னொன்று இருக்கிறது: அவரிடம் நாம் என்ன சொல்லியிருந்தோம்? இந்த கேமில் பல வருடமாக கோ-லீடராக (லீடருக்கு அடுத்த பொறுப்பு) இருந்து டார்கெட் பிரித்துக் கொடுத்து வருகிறேன். தோற்ற வார்களைத் திரும்பிப் பார்த்தால், ஆடத் தெரியாமல் தோற்றவை குறைவு. யார் எதை, எப்போது, எதற்காக அடிப்பது என்று பேசி வைக்காமல் தோற்றவைதான் அதிகம்.

புதிதாக வந்தவர்களுக்காக விதிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2014 ஏப்ரலில் வந்த கிளான் வாரில் 23 மணி நேரம் தயாரிப்பு நாள், அடுத்த 24 மணி நேரம் போர் நாள். ஒருவருக்கு 2 அட்டாக். ஒரே பேஸை (எதிரி ஒருவரின் ஊரை) ஒருவர் இரண்டு முறை அடிக்க முடியாது. 50 சதவீதம் அழித்தால் ஒரு ஸ்டார், ஊரின் முக்கியக் கட்டடமான டவுன் ஹாலை உடைத்தால் ஒன்று, 100 சதவீதத்துக்கு ஒன்று. ஒரு பேஸை எத்தனை பேர் அடித்தாலும், அதில் கிடைத்த மிகச் சிறந்த அட்டாக் மட்டும்தான் கணக்கில் சேரும். இந்தக் கடைசி விதியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே சொல்லப்போகும் பாதித் தவறுகள் அதை மறப்பதால் வருபவை.

எண்ணிக்கைக்காக ஆள் சேர்ப்பது

கிளானில் 50 பேர் வரை இருக்கலாம். வாரை 5 பேரில் தொடங்கி, ஐந்து ஐந்தாகக் கூட்டி 50 பேர் வரை வைக்கலாம். 17 பேர் ஆடத் தயாராக இருந்தால் பல லீடர்கள் என்ன செய்கிறார்கள்? இன்னும் மூன்று பேரைப் பிடித்துப் போட்டு 20 ஆக்கிவிடுகிறார்கள். அந்த மூன்று பேரும் ப்ரொஃபைலில் 'வாருக்கு வரவில்லை' என்று சிவப்பு வைத்திருப்பவர்கள். அவர்கள் வரமாட்டார்கள் என்பது அங்கேயே எழுதியிருக்கிறது.

கணக்கைப் பாருங்கள். 20 பேர் வாரில் அந்த 3 பேரும் வராவிட்டால், 20 பேஸுக்கு நம்மிடம் 34 அட்டாக். எதிரியிடம் 40. அதே வாரை 15 பேருடன் வைத்திருந்தால், 15 பேஸுக்கு 30 அட்டாக் முழுதாகக் கையில் இருக்கும். மீதி இரண்டு பேரை அடுத்த வாரில் முதலில் சேர்க்கிறோம் என்று சொன்னால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. சொல்லாமல் விட்டால்தான் கோபம் வரும்.

வார் முடியும் நேரத்தை யோசிக்காமல் தேடலைத் தொடங்குவது

இதை எழுதுபவர்களே குறைவு, ஆனால் எனக்கு இது பெரிய விஷயம். எதிரி கிடைத்ததிலிருந்து சரியாக 47 மணி நேரத்தில் வார் முடியும். இரவு 10 மணிக்கு எதிரி கிடைத்தால் மறுநாள் இரவு 9 மணிக்குப் போர் நாள் தொடங்கி, அதற்கடுத்த நாள் இரவு 9 மணிக்கு முடியும். அந்த நேரத்தில் பெரும்பாலானவர்கள் கையில் போன் இருக்கும். விடியற்காலை 4 மணிக்குத் தூக்கம் வராமல் யாரோ ஒரு கோ-லீடர் தேடலைத் தொடங்கினால் வார் விடியற்காலை 3 மணிக்கு முடியும். கடைசி ஒரு மணி நேரத்தில் இரண்டு ஸ்டார் தேவைப்படும்போது எழுப்ப ஆள் இருக்காது. பட்டனை அழுத்தும்போதே கடைசி மணி நேரத்தையும் தேர்ந்தெடுத்துவிடுகிறோம்.

"உன் நம்பரை நீ அடி"

மிரர் என்று சொல்வோம். நம் 6-ஆவது ஆள் எதிரியின் 6-ஆவது பேஸை அடிப்பது. சண்டை வராது, விளக்கத் தேவையில்லை, அதனால் லீடர்களுக்குப் பிடிக்கும். ஆனால் வார் வரைபடத்தில் உள்ள அந்த எண், ஒருவரின் அக்கவுண்ட் எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்பதைத்தான் சொல்கிறது. அதை ஆடுபவரின் கை எப்படி என்று சொல்வதில்லை. அவசரமாக டவுன் ஹாலை மட்டும் ஏற்றிக்கொண்டு போனவர் மேலே நிற்பார், அட்டாக் சுமாராக இருக்கும். பொறுமையாக ட்ரூப்ஸையும் ஹீரோக்களையும் வளர்த்தவர் கீழே நிற்பார், தனக்கு மேலே இரண்டு மூன்று இடம் தள்ளியிருக்கும் பேஸைச் சுத்தமாக மூன்று ஸ்டார் எடுப்பார்.

எண்ணை விட முக்கியமான கேள்வி, இந்த ஆள் எந்தப் படையை நன்றாக ஆடுவார், அந்தப் படைக்கு எந்த பேஸ் திறந்திருக்கிறது என்பதுதான். தயாரிப்பு நாளில் எதிரி பேஸ்களை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்க்கலாம். நான் ஒரு பேஸைத் திறந்ததும் முதலில் பார்ப்பது எக்ஸ்-போ என்ற பெரிய வில்லை. அது படுத்தபடி இருந்தால் தரையை மட்டும் சுடும். நிமிர்ந்திருந்தால் வானத்தையும் சுடும். அப்புறம், பறக்கும் படையைக் காற்றால் தள்ளும் ஏர் ஸ்வீப்பர் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பார்ப்பேன். அதன் முதுகுப் பக்கமாக டிராகன் வந்தால் அதனால் ஊதித் தள்ள முடியாது. எக்ஸ்-போ இரண்டும் படுத்திருந்து ஸ்வீப்பர் மேல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தால், அந்த பேஸ் எந்த எண்ணில் இருந்தாலும் எங்கள் கிளானில் டிராகன் ஆடுபவருக்குத்தான் போகும். தீயால் தாக்கும் இன்ஃபெர்னோ டவர் ஒற்றை இலக்கில் இருக்கிறதா, பல இலக்கில் இருக்கிறதா என்பதும் அதே மாதிரி ஆளை மாற்றும்.

ஒவ்வொருவரும் கடந்த வார்களில் எந்தப் படையோடு நல்ல ரிசல்ட் எடுத்தார் என்று ஒரு நோட்டில் ஒரு வரி எழுதி வைத்தாலே போதும். நான்கு வாருக்குள் யாருக்கு எது பொருந்தும் என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

பேஸை மட்டும் சொல்லிவிட்டு விடுவது

இதுதான் நான் அதிகம் செய்த தவறு. "8 உனக்கு" என்று எழுதிவிட்டு டார்கெட் கொடுத்தாகிவிட்டது என்று நினைத்துக்கொள்வேன். அந்த ஆள் மாலை வரை வரமாட்டார். 8 அவருடையது என்பதால் வேறு யாரும் தொடமாட்டார்கள். கடைசி நேரத்தில் அவசரமாக அடித்து ஒரு ஸ்டார் எடுப்பார். அதைச் சரிசெய்ய நேரம் இருக்காது.

இப்போது நான் அனுப்பும் செய்தி இப்படி இருக்கும்:

"தம்பி, 8 உனக்கு. கீழ்ப் பக்கம் ஸ்வீப்பர் பார்க்கலை, அங்கேயிருந்து டிராகன் விடு. மதியம் 2 மணிக்குள்ள அடிச்சிடு. ரெண்டு ஸ்டார் கண்டிப்பா வேணும், மூணாவது கிடைச்சா நல்லது. வர முடியலைன்னா முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லிடு, வேற ஆளுக்குக் கொடுத்துடறேன்."

எந்த பேஸ், எப்போதுக்குள், எவ்வளவு வேண்டும், முடியாவிட்டால் என்ன என்று நான்கும் அதில் இருக்கின்றன. மூன்றாவதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். இரண்டு ஸ்டார் உறுதியாக வேண்டும் என்றால் டவுன் ஹாலை நோக்கிப் படையை அனுப்ப வேண்டும். மூன்று ஸ்டாருக்கு முயல்வது என்றால் டவுன் ஹாலைக் கடைசியில் கூட எடுக்கலாம். எது வேண்டும் என்று சொல்லாவிட்டால், ஆள் பாதியில் மனதை மாற்றிக்கொண்டு இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்வார்.

'எனக்கு' என்று எடுத்து வைத்துக்கொள்வதற்கும் ஒரு காலக்கெடு வேண்டும். எங்கள் கிளானில் போர் நாளின் முதல் 12 மணி நேரம் கொடுத்த டார்கெட் அவரவருக்கு. அதன் பிறகு அடிக்காத பேஸ் எல்லாம் திறந்துவிடும். இதை வாருக்கு முன்பே கிளான் மெயிலில் போட்டுவிடுகிறோம். நடுவில் சொன்னால், "என் பேஸை எடுத்துட்டாங்க" என்று மனவருத்தம்தான் மிஞ்சும்.

முதல் அட்டாக்கை வீணாக்குவது

தயாரிப்பு நாளில் எவ்வளவு பார்த்தாலும் மறைந்திருக்கும் டெஸ்லா, ஜெயன்ட் பாம், கிளான் கேசிலுக்குள் (கிளான்காரர்கள் கொடுத்த படை தங்கும் கட்டடம்) இருக்கும் படை ஆகியவை தெரியாது. முதல் அட்டாக்கில்தான் அவை வெளியே வரும். அடுத்த அட்டாக்குக்கும் அதே ட்ராப் (மறைந்த பொறி) அதே இடத்தில் இருக்கும், கேசிலிலும் அதே படை இருக்கும். முதலில் அடித்தவர் ஒரு ஸ்டாரோடு தோற்றிருந்தால்கூட, அந்த ரீப்ளே அடுத்தவருக்குப் பெரிய உதவி. எனவே ஒரு பேஸை இரண்டாவது ஆளுக்குக் கொடுக்கும்போது, "ரீப்ளே பார்த்தியா?" என்று கேட்டு, பார்த்தேன் என்று பதில் வந்த பிறகுதான் கொடுங்கள். முதலில் தோற்றவரையும் சாட்டுக்கு அழைத்து, எங்கே படை செத்தது என்று இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள். தன் அட்டாக் வீணாகப் போகவில்லை என்று அவருக்கும் தோன்றும்.

கடைசி நேரத்தில் மேலேயே பார்ப்பது

ஒரு வார் எனக்கு இன்னும் மறக்கவில்லை. 15-க்கு 15. எதிரி எல்லா அட்டாக்கையும் முடித்து 40 ஸ்டார். நாங்கள் 38. நாற்பது நிமிடம் பாக்கி, மூன்று அட்டாக் பாக்கி. எங்கள் 4, 5, 9 ஆகிய மூன்று பேரும் ஆன்லைனில் இருந்தார்கள். எதிரியின் 2, 3, 6 மூன்றிலும் இரண்டிரண்டு ஸ்டார் எடுத்திருந்தோம். 1-லும் 12-லும் ஒவ்வொரு ஸ்டார்தான்.

எல்லோர் கண்ணும் மேலேயே இருந்தது. 4-ஆவது ஆள் 2-ஐ அடித்தார், மறுபடி இரண்டு ஸ்டார், ஒன்றும் கூடவில்லை. 5-ஆவது ஆள் 3-ஐ அடித்து மூன்று ஸ்டார் எடுத்தார், கூடியது ஒன்று. 9-ஆவது ஆள் 6-ஐ அடித்தார், இரண்டு ஸ்டார்தான். 39-ல் தோற்றோம். கீழே 12-ஆவது பேஸ், போர் நாளின் முதல் மணியில் ஒரு புது ஆள் ஒரு ஸ்டார் எடுத்த நிலையிலேயே கிடந்தது. 4-ஆவது ஆளுக்கு அது எளிதான வேலை. அங்கே இரண்டு ஸ்டார் கூடியிருந்தால் 40. 5-ஆவது ஆள் எடுத்த அந்த ஒரு ஸ்டாரும் சேர்ந்தால் 41.

அந்த வாரிலிருந்து போர் நாளின் பாதியில் ஒரு பட்டியல் போடுகிறேன்: எந்த பேஸில் எத்தனை ஸ்டார் மிச்சம், எவ்வளவு எளிது. இரண்டு ஸ்டார் எடுத்த பேஸில் இனி ஒன்றுதான் கிடைக்கும் என்பது பட்டியலில் கண்ணுக்குத் தெரியும். ஸ்டார் சமமானால் மொத்த அழிவு சதவீதம்தான் முடிவு செய்யும் என்பதால், சதவீதத்தையும் பக்கத்தில் எழுதிவிடுகிறேன். ஒரு பேஸை ஒரு நேரத்தில் ஒருவர்தான் அடிக்க முடியும் என்பதும் நினைவில் இருக்கட்டும். பார்ப்பதற்கு 30 விநாடி, அடிப்பதற்கு 3 நிமிடம். கடைசிப் பத்து நிமிடத்தில் ஒரே பேஸுக்கு வரிசையில் நிற்பவர்களில் மூன்றாவது ஆளுக்கே சந்தேகம்தான்.

எல்லோரும் உத்தரவு போடுவது

மற்றவர்களுக்கு நன்றாகப் படை டொனேட் செய்கிறார் என்று கோ-லீடர் பதவி கொடுத்துக்கொண்டே போனால், ஒரு வாரில் ஐந்து பேர் ஐந்து டார்கெட் சொல்வார்கள். கோ-லீடரால் வார் தொடங்கவும் ஆளை வெளியேற்றவும் முடியும். அது நன்றி சொல்லக் கொடுக்கும் பரிசு இல்லை. ஒரு வாருக்கு ஒருவர் மட்டும் டார்கெட் சொல்லட்டும். கேசில் நிரப்புவதை இன்னொருவர் பார்த்துக்கொள்ளட்டும். தயாரிப்பு நாள் முடிந்தால் அதற்கு வழி இல்லை என்பதால், அதைப் பொதுவாக "எல்லாரும் போடுங்க" என்று விட்டால் கடைசியில் கைக்குக் கிடைத்த படைதான் உள்ளே இருக்கும்.

லீகிலும் அதே முறையில் ஆடுவது

2018 அக்டோபரில் வந்த கிளான் வார் லீக் வேறு கணக்கு. 8 கிளான், 7 நாள், ஒருவருக்கு நாளுக்கு ஒரே அட்டாக். 15 பேஸுக்கு 15 அட்டாக். ஒரு பேஸை இரண்டு பேர் அடித்தால் வேறொரு பேஸ் தொடப்படாமலே போகும். எனவே சாதாரண வாரில் நான் வேண்டாம் என்று சொன்ன மிரர், இங்கே ஓரளவு பொருந்தும். ஆளுக்கு ஒன்று என்று முதலிலேயே பிரித்துவிட்டு, மிக மோசமாகப் போனதை மட்டும் இரண்டாவது முறை தொடுங்கள். அன்றைய வாரை வென்றால் 10 ஸ்டார் கூடுதலாகக் கிடைக்கும் என்பதால் ஒரு ஸ்டார் வித்தியாசத்தில் ஜெயித்தாலும் பெரிய லாபம். ஆட்களை நாளுக்கு நாள் மாற்றலாம். நிச்சயமாக ஜெயிக்கும் நாளில் வெளியே உட்கார்ந்திருப்பவர்களை இறக்குங்கள்.

சாட்டில் திட்டுவது

இந்த கேமில் தனியாகச் செய்தி அனுப்ப வழியில்லை. கிளான் சாட்டில் ஒருவரைத் திட்டினால் அது எல்லோர் முன்னாலும் திட்டுவதுதான். எங்களிடம் தொடர்ந்து நன்றாக ஆடிய ஒருவர் ஒரு வாரில் இரண்டு அட்டாக்கையும் போடவில்லை. ஒரு கோ-லீடர் காரணம் கேட்காமல் நான்கு வரி எழுதிவிட்டு வெளியேற்றிவிட்டார். பிறகுதான் தெரிந்தது, அன்று அவர் அம்மாவோடு மருத்துவமனையில் இருந்தார். திரும்பி வரச் சொல்லி அழைப்பு அனுப்பினோம். வரவில்லை. அவரோடு விளையாட வந்த இரண்டு பேரும் போய்விட்டார்கள்.

இப்போது அட்டாக் தவறினால் முதலில் காரணம் கேட்கிறோம். பதில் வரும் வரை அடுத்த வாரில் அவர் பெயரைச் சேர்ப்பதில்லை, அவ்வளவுதான். திரும்பி வந்ததும், "என்ன ஆச்சு, எல்லாம் சரியா?" என்று யாராவது ஒருவர் எழுதிவிடுவார்கள். டார்கெட் அதற்குப் பிறகு.